‘ஏன்’ என்று முடியும் வாக்கியம்

(பெங்களூரு அல்சூரில் தமிழ் வாசகர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரைக்கு நடக்கப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்: நம் கொள்கைகளை ஒரே பக்கத்தில் எழுதுவது எப்படி?

உங்கள் கொள்கைகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்றால் என்ன வரும்? நேர்மை, உழைப்பு, அன்பு, குடும்பம், சமத்துவம். அழகான ஐந்து சொற்கள். எதிர்வீட்டுக்காரரும் இதையே எழுதுவார். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரும் எழுதுவார். எனவே முதல் சோதனை இது: நீங்கள் எழுதிய வரிக்கு நேர் எதிரான வரியை, மானமுள்ள இன்னொரு மனிதர் தன் கொள்கையாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வரியை அடித்துவிடுங்கள். ‘நேர்மையாக இருப்பேன்’ தேறாது. ‘சொந்தக்காரருக்கு வட்டிக்குக் கடன் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் திரும்பக் கேட்க மாட்டேன்’ தேறும். மறுத்துப் பேச ஆள் இருக்கிறது.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குத் தான் கொள்ளும் பொருளை ஓரிரு வரியில் எழுதிவைத்தார். ஒரு சிறிய நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம். தவறிய நாளில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. முதலில் 12தான் இருந்தது. உனக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஒரு நண்பர் சொல்ல, பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. நமக்கு வேண்டிய பாடம் அந்த நண்பரிடம் இருக்கிறது. பட்டியலில் விடுபட்டதை நாமாகக் கண்டுபிடிப்பது அபூர்வம்.

அடுத்தது நம் மொழியிலேயே உள்ள ஒரு பள்ளம். ‘பொய் சொல்லக் கூடாது’, ‘பெரியவர்களை மதிக்க வேண்டும்.’ யார் சொல்லக் கூடாது? யார் மதிக்க வேண்டும்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘நாம்’ என்று தொடங்கினால் பழி ஊர்மேல் போய்விடும். ‘சொல்ல மாட்டேன்’ என்று எழுதிப் பாருங்கள், பேனா கொஞ்சம் தயங்கும். ‘மாட்டேன்’ என்பதன் முடிவில் ‘நான்’ என்று காட்டும் அந்த ‘ஏன்’ விகுதிதான் கையெழுத்து. வரைவு முடிந்ததும் ‘வேண்டும்’, ‘கூடாது’ இரண்டையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் தன்மை ஒருமைக்கு மாற்றுங்கள். மாற்ற மனம் வராத வரி உங்களுடையது அல்ல. வீட்டிலோ பள்ளியிலோ கேட்டது.

கேட்டதை எல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஔவை ‘ஆறுவது சினம்’ என்றாள். பாரதி அதே ஆத்திசூடி வடிவத்தை வைத்துக்கொண்டு ‘ரௌத்திரம் பழகு’ என்றான். ‘தையல்சொல் கேளேல்’ இருந்த வடிவத்தில் ‘தையலை உயர்வு செய்’ வந்தது. பாட்டியிடம் வாங்கியதில் எதை வைத்துக்கொள்கிறீர்கள், எதை மாற்றுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் முதல் வரைவில் மேற்கோளே வேண்டாம், குறள் உட்பட. மேடைப் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. வள்ளுவரை முன்னே நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

சரக்கை எங்கிருந்து எடுப்பது? ஒரு தாளை நீளவாக்கில் மடியுங்கள். இடப்பக்கம், கடந்த மூன்று மாதத்தில் பணம் போன இடங்கள். கூகுள் பே கணக்கே சொல்லிவிடும். வலப்பக்கம், ‘முடியாது’ என்று நீங்கள் மறுத்த இடங்கள்: இரட்டைச் சம்பளம் என்றும் போகாத இரவுப் பணி, போட மறுத்த ஒரு கையெழுத்து, பார்க்க மாட்டேன் என்ற ஜாதகம். 20 நிமிடம் போதும். பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் விஷயம் கிடைக்கும், ஏனென்றால் மறுப்புக்கு விலை கொடுத்திருப்பீர்கள். அதில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

இனிதான் கஷ்டமான இடம். நீங்கள் வாடகைக்கு விடும் மாடி வீடு காலியாகிறது. தாளில் ‘சமத்துவம்’ இருக்கிறது. வாசலில் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற போர்டு. மாடியில் மீன் பொரித்தால் கீழே அம்மா சாப்பிட மாட்டாள், அவள் மனம் நோகக் கூடாது என்பதும் உங்கள் கொள்கைதான். நல்லதும் கெட்டதும் மோதினால் எழுத எதுவுமில்லை. இரண்டு நல்லவை மோதும்போது எது முன்னே நிற்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும். ‘அம்மா இருக்கும்வரை போர்டு இருக்கும், அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், வெறும் ‘சமத்துவம்’ என்பதைவிட நான் அதை நம்புவேன். எழுதும் ஒரு பக்கத்தில் பாதியை இந்தப் பகுதிக்கே கொடுக்கலாம்.

எந்த மொழியில் எழுதுவது என்று இந்த ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். இங்கே பிறந்த பலருக்குத் தமிழ் நாக்கில் இருக்கிறது, கையில் இல்லை. கோபம் எந்த மொழியில் வருகிறதோ அதில் முதல் வரைவு. தமிழைக் கன்னட எழுத்தில் எழுதினாலும் குற்றமில்லை.

நீளம்? 1951இல் எட்வர்ட் ஆர். மர்ரோ என்ற செய்தியாளர் அமெரிக்க வானொலியில், பெயர் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தங்கள் நம்பிக்கையைச் சில நிமிடங்களில் சொல்ல வைத்தார். தமிழில் 300 சொற்கள் கைக்கு அடக்கம். நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எழுதியதை வீட்டில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் சத்தமாக வாசியுங்கள். அவர் சிரிக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபிராங்க்ளினின் நண்பர் வேலையை அவர் செய்கிறார். கீழே தேதி போடுங்கள். அடுத்த வருஷம் திருத்தும்போது பழையதை அழிக்காமல் மேலே கோடிட்டு எழுதுங்கள்.

தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இப்போது அந்த 20 நிமிடப் பட்டியலை மட்டும் எழுதலாம். மாடி வீட்டு விவகாரத்தை வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலியில் உங்கள் குடித்தனக்காரர் உட்கார்ந்திருக்கலாம்.