பாகம் பிரிக்கச் சொன்னவன்

(ஈரோட்டுப் பக்கம் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகையில் பேசியது)

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, எல்லாருக்கும் பண்டிகை வாழ்த்துகள்.

லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானை நமக்கெல்லாம் தெரியும். விளைச்சல் பெருகிப்போய், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன். பிரசங்கத்தில் அவனைத்தான் போட்டு அடிப்போம். ஆனால் இயேசு அந்தக் கதையை எதற்காகச் சொன்னார்? 13ஆம் வசனத்தைப் பாருங்கள். “போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து என்னுடைய சகோதரன் எனக்குத் தரும்படி அவனுக்குக் கட்டளையிடும்” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான். சொத்துத் தகராறுதானுங்க. நம்ம ஊர் சமாச்சாரம்.

பாகம் பிரித்துக்கொடுக்க இயேசு சம்மதிக்கவில்லை. பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். ஒருவனுக்கு எவ்வளவு ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல என்கிறார். அதற்கப்புறம்தான் களஞ்சியக்காரன் கதை வருகிறது.

களஞ்சியக்காரனை நமக்குப் புரியவைக்க ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் மஞ்சள் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டியபோது, இன்னும் ஏறும் என்று குடோனில் மூட்டையை அடுக்கியவர்கள் இங்கேயே இருப்பீர்கள். இரண்டே வருடத்தில் விலை ஐந்தாயிரத்துக்கும் கீழே போனது. காத்திருந்த மூட்டையில் வண்டு வேறு விழுந்தது. “பூச்சியும் துருவும்” கெடுக்கும் என்ற வசனத்துக்கு ஈரோட்டுக்காரனுக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் மஞ்சள் நஷ்டம் ஆறிவிடும். அடுத்த வருடம் மறுபடியும் விதைக்கிழங்கு வாங்குவோம். ஆறாதது பொழித் தகராறு, வரப்பு எல்லைச் சண்டை. அப்பாரு காலத்துக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர், இரு வேலிக்கு நடுவே போகிற இட்டேரித் தடத்தில் யார் வேலி முள் அரை அடி தள்ளி நிற்கிறது, இந்தச் சண்டைதான் மூன்று தலைமுறை ஓடுகிறது. ஒரே ஆலயத்தில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். நற்கருணைக்கு மட்டும் ஒரே வரிசையில் முழங்காலிடுகிறார்கள். நடுவில் நாலு பேரை விட்டு.

லேவியராகமம் 25இல் கர்த்தர் சொல்கிறார்: தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நம் பேரில் இருக்கலாம். அவர் கணக்கில் நாம் குடியிருக்க வந்தவர்கள்தான்.

அப்படியானால் நிலைப்பது எது? நித்தியம் என்றதும் பொன் வீதியையும் முத்து வாசலையும் நினைக்கிறோம். அங்கேயும் பொன்னைத்தான் தேடுகிறோம், பாருங்கள்! பவுல் 1 கொரிந்தியர் 13இல் நிலைத்திருப்பது மூன்று என்கிறார்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தம்பி நித்தியத்துக்கு வருகிறவன். நாலு ஏக்கர் வராது. எதற்காக எதை விடுகிறோம் என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் விஷயம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதமே அதில் இல்லை. ஆனால் நடப்பது என்ன? “சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அப்புறம் என்ன அம்மணி?” என்று சொல்லி, பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய், பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்துப் போட மறுத்தால் அந்தப் பெண்ணுக்குப் பொறந்த வீடு அடைபட்டுவிடும். அந்தப் பயத்திலேயே போட்டுவிட்டு வருகிறார்கள். மனதாரக் கொடுக்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனதார என்பதை யார் கேட்டுப் பார்த்தோம்?

இதில் ஒரு சாமர்த்தியம் வேறு. பங்கு கேட்கும் தங்கையிடம் “பூமியிலே பொக்கிஷம் சேர்க்காதே” என்று வசனம் சொல்கிறோம். அடுத்தவருக்கு வரவேண்டியதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கே பரலோகத்தைக் காட்டுவது பக்தி அல்லங்க. பங்கு கேட்டவனுக்கே இயேசு அவ்வளவு கடுமையாகச் சொன்னார் என்றால், கொடுக்காமல் வைத்திருக்கிறவனுக்கு என்ன சொல்லுவார்? வரி வசூலிக்கிற ஆயக்காரன் சகேயு இயேசுவிடம் பெரிய சாட்சியெல்லாம் சொல்லவில்லை. பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப என்று கணக்கு சொன்னான். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. பண்ணையம் செய்கிறவனுக்கு நிலம் வேண்டும், பிள்ளையைப் படிக்கவைக்கக் காசு வேண்டும். வாய்தா வாய்தாவாக அலைகிற வழக்கு இருந்தால், வக்கீலைப் பார்க்குமுன் ஒருதரம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அவ்வளவுதான். அவர் பேசாமல் உள்ளே போய்விடலாம். அப்படியானால் இன்னொரு நாள் போங்கள்.

இப்போது காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட ஆரம்பிக்கப் போகிறார்கள். முதல் எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்க நம்மில் பலர் தயார். நல்லது, ஆலய வேலைக்கு ஆகும். ஆனால் மத்தேயு 5இல், காணிக்கையோடு வந்தவனுக்குத் தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது. பூசணியும் வாழைத்தாரும் வரிசையாக வருவதற்குள் ராத்திரி ஒன்பது ஆகிவிடும். போய்விட்டு வர நேரம் இருக்கிறது.