குதிங்கால் நோவுது சார்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் விசில் ஊதிய பி.டி. வாத்தியார் நான். டாக்டர் இல்லை. மைதானத்தில் செய்த ஒரு தப்புதான் மூட்டையும் எலும்பையும் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

பன்னிரண்டு வயதுப் பையன், நன்றாக ஓடுவான். ஒருநாள், "குதிங்கால் நோவுது சார்" என்றான். போட்டி நெருங்குகிற நேரம். "வளர்ற பசங்களுக்கு அப்படித்தான்டா, தைலம் தேய்ச்சிட்டு ஓடு" என்றேன். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை, டீமிலிருந்து எடுத்துவிடுவேனோ என்ற பயம். மூன்று வாரம் முன்னங்காலை ஊன்றியே ஓடியிருக்கிறான். நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

அந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் முற்றாத குருத்து. கெண்டைக்கால் தசை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட ஓட அந்த இடம் புண்பட்டு வலிக்கும். முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தானே ஆறும். நொண்டினாலோ, ராத்திரியில் வலித்தாலோ, வீங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

நம்ம வேலூரிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்தார். விரல்களை நோய் நேராகத் தின்பதில்லை. வலி தெரியாததால் முள் குத்தினாலும் அதன்மேலேயே நடக்கிறார்கள், புண் பெருகி விரல் போகிறது என்று கண்டார். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பெல்லாம் அந்தப் பாதங்களைக் காக்க வந்ததுதான். சர்க்கரைக்காரர்கள் இன்றும் அதைப் போடுகிறார்கள். வலி தெரியாதவனுக்கு அந்தக் கதி. வலி தெரிந்த பையனை நான் வாயை மூட வைத்தேன்.

இப்போது பெற்றோரிடம் ஒரு கணக்கு சொல்கிறேன்: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். ஒருநாள் முழு ஓய்வு.

அப்புறம் ஷூ. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூ கப்பலேறுகிறது. நம்ம பிள்ளைகள் அண்ணன் ஷூவில் பேப்பர் திணித்து ஓடுகிறார்கள்! சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அந்தப் பையன் அந்த வருஷம் ஓடவில்லை. இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் போன் செய்தான். "சார், என் பொண்ணுக்குக் குதிங்கால் நோவுதாம். மேட்ச் இருக்கு, என்னா பண்ணட்டும்?"

உட்கார வை என்றேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.