எண்ணிப் பாக்க ஆள் இல்லாத அணுகுண்டு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். உலகப் பாதுகாப்பு பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, உக்ரைன், காசான்னு பேச எவ்வளவோ இருக்கு, ஆனா நான் இன்னைக்கு எடுத்துக்கிட்டது டிவி விவாதத்துல யாரும் பேசாத ஒரு விஷயம். அமெரிக்காக்காரங்களும் ரஷ்யாக்காரங்களும் ஒருத்தர் அணு ஆயுதத்தை இன்னொருத்தர் நேர்ல போய் எண்ணிப் பாக்குற வழக்கம் ஒண்ணு இருந்துச்சு, அது நின்னு போச்சு. உலகத்துல இருக்குற அணு ஆயுதத்துல கிட்டத்தட்ட பத்துல ஒம்போது பங்கு இந்த ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு, அதனால இது அவங்க ரெண்டு பேரோட சமாச்சாரம்னு விட்டுட முடியாதுங்க.

2010 ஏப்ரல் 8, பிராக் நகரத்துல ஒபாமாவும் அப்போ ரஷ்ய அதிபரா இருந்த மெத்வதேவும் கையெழுத்து போட்டாங்களே, நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம், இந்த மாதிரி ஒப்பந்தத்துல அதுதான் கடைசியா மிஞ்சியிருந்தது. தயார் நிலையில நிறுத்தி வச்சிருக்குற நெடுந்தூர அணுகுண்டு ஆளுக்கு 1,550, அதை சுமக்குற ஏவுகணையும் விமானமும் சேத்து 700, இதுக்கு மேல கூடாது. இந்த நம்பரை விட எனக்குப் பெருசாத் தெரியுறது அதுல இருந்த சோதனை முறைதான்.

எப்படி நடந்துச்சுன்னா, வருஷத்துக்கு 18 தடவை சோதனைக்குப் போகலாம்னு இருந்துச்சு. ஒரு குழு விமானத்துல வந்து இறங்கும், இறங்கின பிறகுதான் எந்த தளத்துக்குப் போறோம்னே சொல்லுவாங்க. தளத்துல உள்ளவங்க எந்த ஏவுகணையில எத்தனை குண்டு இருக்குன்னு லிஸ்ட் குடுக்கணும், வந்தவங்க அதுல ஒண்ணை கை காட்டி இதைத் திறந்து காட்டுங்கன்னு கேப்பாங்க. ஏவுகணையோட மூக்குப் பகுதியைத் திறந்து காட்டுவாங்க, குண்டு மேல எல்லாம் துணி மாதிரி உறை போட்டு மூடியிருக்கும், வடிவமைப்பு ரகசியம் தெரியக்கூடாது இல்லையா, ஆனா எத்தனை இருக்குன்னு எண்ணிக்கலாம். இதுல ஒண்ணு அணுகுண்டு இல்லைன்னு சொன்னா, கதிர்வீச்சு அளக்குற கருவியை வச்சு அதையும் பாத்துக்கலாம். இப்படி மொத்தம் 328 நேரடி சோதனை நடந்திருக்கு, அதுபோக எந்த ஏவுகணையை எங்க நகர்த்துறோம்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்ட தகவல் மட்டும் 25,000-க்கு மேல.

2020 மார்ச்சுல கோவிட் வந்து சோதனையை நிறுத்தினாங்க, மறுபடி ஆரம்பிக்கவே இல்ல. 2023 பிப்ரவரியில உக்ரைன் போரைக் காரணம் காட்டி புதின் ஒப்பந்தத்துல பங்கேற்பை நிறுத்தி வச்சிட்டார், தகவல் குடுக்குறதும் நின்னுது. ஒப்பந்தத்தோட ஆயுளே 2026 பிப்ரவரி 5 வரைக்கும்தான், ஒரு தடவைக்கு மேல நீட்டிக்க அதுல வழி இல்ல, அந்த ஒரு தடவையும் 2021-லயே நீட்டிச்சாச்சு.

முதல்ல நம்பிக்கை வரட்டும், அப்புறம் ஒப்பந்தம் பேசலாம்னு சில பேர் சொல்றாங்க. நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிங்க கூட சர்வேயர் வந்து சங்கிலி போடுறப்ப ரெண்டு பக்கமும் வந்து நிப்பாங்க, பாசத்துலயா நிக்கிறாங்க? சரித்திரத்தைப் பாருங்க, 1983 செப்டம்பர் 26 ராத்திரி, சோவியத் எச்சரிக்கை மையத்துல அமெரிக்கா ஏவுகணை விட்டுடுச்சுன்னு அலாரம் அடிக்குது, அஞ்சு ஏவுகணை வருதுன்னு காட்டுது. டியூட்டியில இருந்த ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடங்குறவன் அஞ்சே அஞ்சை அனுப்ப மாட்டான், இது மெஷின் கோளாறுன்னு முடிவு பண்ணி அப்படியே மேல சொன்னார், மேகத்து மேல பட்ட சூரிய வெளிச்சத்தை செயற்கைக்கோள் தப்பா புரிஞ்சுக்கிட்டதுதான் நடந்தது. அவ்வளவு பகை இருந்த காலம் அது. அதுக்கு நாலே வருஷத்துல, 1987 டிசம்பர்ல, அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தம் போட்டு 1991-க்குள்ள 2,692 ஏவுகணையை அழிச்சாங்க. ரஷ்யாவுல வோட்கின்ஸ்க்னு ஒரு ஊர், அங்க இருந்த ஏவுகணை ஃபேக்டரி வாசல்லயே அமெரிக்க அதிகாரிங்க வருஷக்கணக்கா குடியிருந்து உள்ள இருந்து வர்ற வண்டியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதே மாதிரி அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல மாக்னாங்கிற ஊர்ல சோவியத் ஆளுங்க இருந்தாங்க. பகை இருக்கும்போதே நடந்ததுங்க இதெல்லாம்! அந்த ஒப்பந்தத்தையும் 2019-ல கைவிட்டாச்சு. எதிராளிகிட்ட என்ன இருக்குன்னு கண்ணால பாக்க வழி இல்லைன்னா ராணுவம் எப்பவும் ஜாஸ்தியாத்தான் கணக்கு போடும், அதுக்கு ஏத்த மாதிரி தானும் சேத்துக்கிட்டே போகும், இதுதான் என் பயம். சீனா வேற 600 அணுகுண்டைத் தாண்டிடுச்சுன்னு மதிப்பிடுறாங்க, அவங்க இந்த மாதிரி எந்த கட்டுப்பாட்டுலயும் இதுவரை சேர்ந்ததே இல்ல, நீங்க ரெண்டு பேரும் முதல்ல குறைங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க.

நம்ம பக்கம் வருவோம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, ஒருத்தர் அணு நிலையத்தை இன்னொருத்தர் தாக்கக்கூடாதுன்னு. அதுப்படி 1992-ல இருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ரெண்டு நாடும் அணு நிலையங்களோட பட்டியலைக் கைமாத்திக்கிறாங்க. அணு மின் நிலையம், ஆராய்ச்சி உலை எல்லாம் இதுல அடக்கம், நம்ம கல்பாக்கமும் கூடங்குளமும் அந்த வகைதான். கார்கில் நடந்துச்சு, மும்பை தாக்குதல் நடந்துச்சு, புல்வாமா நடந்துச்சு, அடுத்த ஜனவரி 1 அன்னைக்கு பட்டியல் போய்ச் சேர்ந்துடுச்சு. எனக்கு இது ரொம்ப மரியாதைக்குரிய வேலையாத் தெரியுது.

ஆனா ஓட்டையும் இருக்கு. 2022 மார்ச் 9 சாயங்காலம் நம்ம பிரமோஸ் ஏவுகணை ஒண்ணு தவறுதலாப் பாஞ்சு பாகிஸ்தான்ல மியான் சன்னு பக்கத்துல போய் விழுந்துச்சு, வெடிகுண்டு இல்லாததால உயிர்ச்சேதம் இல்ல. தொழில்நுட்பக் கோளாறுன்னு டெல்லி அறிக்கை விட்டது மார்ச் 11-ல, நடுவுல ரெண்டு நாள், அணு ஆயுதம் வச்சிருக்குற ரெண்டு நாடுங்க! அப்புறம் விசாரணை நடத்தி மூணு விமானப்படை அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினாங்க, அது சரிதான். ஆனா ஏவுகணை சோதனைக்கு மூணு நாள் முன்னாடியே தகவல் சொல்லணும்ங்கிற 2005 ஒப்பந்தம் மேல பாஞ்சு வளைஞ்சு வந்து விழுற பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும்தான், பிரமோஸ் மாதிரி விமானம் போல பறந்து போற க்ரூஸ் ஏவுகணை அதுல வரவே வராது. அதையும் சேத்துடுங்க, தவறுதலா ஒண்ணு கிளம்பிடுச்சுன்னா அந்த நிமிஷமே ஹாட்லைன்ல சொல்லியாகணும்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த தடவை ரெண்டு நாட்டு வெளியுறவு அதிகாரிங்க எதுக்காக உக்காந்தாலும் இந்த ஒண்ணை மேஜையில வைக்கணும்னு நம்ம எம்பிக்கள் நாடாளுமன்றத்துல எழுந்து கேக்கணும், நாம அவங்களைக் கேக்க வைக்கணும். வணக்கம்.