அரங்கேற்றம் என்னும் சொல்
(நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கை தாளம் போட வீற்றிருக்கும் ஆசிரியை அம்மையார் அவர்களே, சலங்கை கட்டிக் காத்திருக்கும் குழந்தைகளே, வணக்கம். நகர்மன்றத் தலைவர் என் அழைப்பை ஏற்று இரண்டாம் முறையாக வந்திருக்கிறார். அவருக்குத் தனியே நன்றி.

சொல்லின் பொருள், வரலாறு, மேலைநாட்டுப் பட்டமளிப்பு விழாவைத் ‘தொடக்கம்’ எனப் பொருள்படும் கமென்ஸ்மென்ட் என்ற பெயரால் அழைக்கும் வழக்கம், இம்மூன்றையும் பேச எண்ணியிருக்கிறேன்.

அரங்கில் ஏறுவது அரங்கேற்றம். பயிற்சியை முடித்தவளுக்கும் அதுதான் பெயர். அன்றுதான் ஆடத் தொடங்குகிறவளுக்கும் அதுதான் பெயர். கமென்ஸ்மென்ட் போலவே இங்கும் முடிவுதான் தொடக்கம். நூலுக்கும் அப்படியே. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் புலவர் முன் அரங்கேறியதை அந்நூலுக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று 12 வயதில் சோழன் முன் ஆடினாள். ஆடலில் சிறந்தவளுக்குரிய தலைக்கோல் பட்டமும், கழஞ்சு என்னும் பழைய எடையளவில் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த ஏழாண்டுதான் அது. ஆனால் இளங்கோவடிகள் அவள் ஆட்டத்துக்கு முன்பே மேடையை அளந்துவிடுகிறார்: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஏற்றம் குழந்தையின் பொறுப்பு. அரங்கு ஊரின் பொறுப்பு.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் எட்டாண்டு பயின்றாள். மண்டப வாடகையைக் கேட்டு இருமுறை நாள் தள்ளிப்போனது. கடைசியில் பள்ளி முற்றத்தில் ஆடினாள். சித்திரை வெயில். சிமெண்ட் தரை சுடும் என்று தந்தை மூன்று மணியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மிருதங்கக்காரர் காசு வேண்டாம் என்றார். நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தின் நடுவே மின்சாரம் போயிற்று. இருட்டில் சலங்கை மட்டும் கேட்டது, அவள் நிறுத்தவேயில்லை. பிறகு யாரோ ஸ்கூட்டரைத் திருப்பி விளக்கைப் போட்டார்கள், பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. அந்த வெளிச்சத்தில் ஈரத்தரையில் அவள் காலடிகள் தெரிந்தன. அடி மேல் அடி!

பெருமக்களே, அதே நேரத்தில் நம் ஊர்க் கலையரங்கம் பூட்டிக் கிடந்தது.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இது என் நான்காவது மனு. மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு முதல் எட்டரை வரை, வாடகை இல்லாமல், விளக்கோடு அந்த மேடை குழந்தைகளுக்கு வேண்டும். கீழே 212 பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அந்த இஸ்திரிக்காரருடையது.