மூணு சுத்து, ஒரு தள்ளு: 'வாராய் நீ வாராய்' காதல் பாட்டே இல்லைங்க!

வணக்கம் மக்களே! உங்க கல்யாண வீடியோவுல பொண்ணும் மாப்பிள்ளையும் தோட்டத்துல கைகோத்து நடக்கிற இடத்துக்கு, வீடியோக்காரர் 'வாராய் நீ வாராய்' பாட்டைப் போட்டிருக்காரா? போட்டிருந்தா இந்த வீடியோவை வீட்டுக்காரரோட உக்காந்து பாக்காதீங்க. தனியா பாருங்க. ஏன்னா 'மந்திரி குமாரி' படத்துல வர்ற அந்தப் பாட்டுல "வா வா"ன்னு கூப்பிடுறவன், கட்டின பொண்டாட்டிய மலை உச்சியில இருந்து தள்ளிவிடத்தான் கூட்டிட்டுப் போறான்.

[திரை கருப்பாகிறது. காத்து சத்தம் மட்டும். தலைப்பு வருகிறது.]

பயந்துட்டீங்களா? சப்ஸ்கிரைப் பண்ணிட்டுப் பயப்படுங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். சேலத்துல நாங்க அஞ்சு பேர். ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா எங்க பெரியப்பா வீட்டு மொட்டை மாடி ரூம்ல கூடிருவோம். பெரியப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை. அவர், ஒரு தமிழ் டீச்சர் அக்கா, ரீல்ஸ் எடிட் பண்ற ஒரு பையன், காலேஜ் படிக்கிற என் தங்கச்சி, அப்புறம் நான். பழைய படம் ஒண்ணு பாப்போம். பாத்து முடிச்சதும் சண்டை போடுவோம். நடுவுல தட்டுவடை செட். வெளியூர்க்காரங்களுக்கு: ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சை சட்னி, சிவப்பு சட்னி. வாயில போட்டா அந்த மொறுமொறு சத்தத்துல அடுத்த ரெண்டு வசனம் காதுல விழாது. அதனால சண்டைக் காட்சி வரும்போதுதான் கடிக்கணும்னு வீட்டுல சட்டமே இருக்கு.

போன மாசம் முழுக்க எங்க ஊர் சினிமாக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் படங்க, அந்தப் பாட்டு வர்ற படமும் அதுல ஒண்ணு. வரலாறை முப்பது செகண்டுல முடிச்சிடறேன், தூங்கிடாதீங்க. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்துல ஜவுளித் தொழில் படிச்சிட்டு வந்து, 1930கள்ல சேலத்துல ஏற்காடு ரோட்டு மேல சினிமா ஸ்டுடியோ கட்டினார். 1937ல சதி அகல்யாவுல ஆரம்பிச்சு நூறு படத்தைத் தாண்டிட்டாங்க. 1963ல அவர் காலமானார். இன்னிக்கு மிச்சம் நிக்கிறது அந்த நுழைவு வளைவு மட்டும்தான். அவ்ளோதான் வரலாறு. முப்பது செகண்ட் ஆகலை பாருங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்லணும். சுந்தரம் இன்னிக்கு இருந்திருந்தா தம்ப்நெயில் போடுறதுல நம்ம எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிருப்பாரு. தமிழ்ல முதல் இரட்டை வேடம், மலையாளத்துல முதல் பேசும் படம், தமிழ்ல முதல் முழுநீள கலர் படம்னு எதை எடுத்தாலும் 'முதல் முதலா' இருக்கணும் மனுஷனுக்கு. மலையாளத்தோட முதல் பேசும் படமான 'பாலன்', 1938ல நம்ம சேலத்துக் கம்பெனி எடுத்தது. இதைக் கேட்டுட்டுக் கேரளா நண்பர்கள் கமெண்ட்ல கோவிச்சுக்காதீங்க, உண்மைதான் சேட்டா.

முதல் ஞாயிறு, 'உத்தம புத்திரன்'. சிவாஜி நடிச்சது இல்லைங்க, அது 1958. இது 1940, பி.யு. சின்னப்பா ரெட்டை வேஷம். இரும்பு முகமூடி போட்டு அடைச்சு வச்ச ராஜாவோட பிரெஞ்சுக் கதை, நம்ம ஊருக்கு வந்து வேட்டி கட்டிக்கிச்சு. எடிட்டர் பையன் படம் பூரா திரைக்கு மூணு அடி தள்ளி நின்னுட்டே பாத்தான். "ரெண்டு சின்னப்பாவுக்கும் நடுவுல கோடு எங்கடா?"ன்னு தேடிட்டிருந்தான். அந்தக் காலத்து வழி இதுதான்: லென்ஸோட ஒரு பாதிய மறைச்சுட்டு எடுக்கணும். ஃபிலிமைத் திரும்பப் பின்னாடி சுத்தணும். மறைச்ச பாதியத் தொறந்து, எடுத்த பாதிய மறைக்கணும். நடிகர் வேஷம் மாத்திட்டு வந்து அந்தப் பக்கம் நின்னு, அங்க இல்லாத ஆளைப் பாத்துப் பேசணும். கேமரா ஒரு நூல் அசைஞ்சாலும் போச்சு. சரியா வந்துச்சான்னு பாக்க மானிட்டர் கிடையாது, கழுவிப் பாத்தாத்தான் தெரியும். நாங்க பாத்த பிரிண்ட்ல மூலையில யாரோ ஒட்டின லோகோ வேற. பையன் அந்த லோகோவைத்தான் கோடுன்னு நெனச்சு அஞ்சு நிமிஷம் உத்துப் பாத்தான்.

அடுத்தது 'தி ஜங்கிள்', 1952. சேலம் கம்பெனி அமெரிக்கக் கம்பெனியோட கூட்டுச் சேந்து எடுத்த இங்கிலீஷ் படம். இதுல ரெண்டு சமாச்சாரம். படத்துல மாமூத் வருது. ஆமாங்க, பனியுகத்து மாமூத். எங்கிருந்து புடிச்சாங்க? நம்ம யானை மேல சடைமுடி ஒட்டிட்டாங்க! அந்த யானை முகத்துல ஒரு சங்கடம் தெரியும் பாருங்க, மாறுவேடப் போட்டிக்கு அம்மா இழுத்துட்டு வந்த ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரியே நிக்கும். ரெண்டாவது, அதுல நடிச்ச சீசர் ரொமேரோ. 1966 பேட்மேன் டிவி தொடர்ல ஜோக்கரா வந்தாரே, அவரேதான். அந்த ஜோக்கர் அதுக்கு முன்னாடியே ஒரு சேலத்துக் கம்பெனி படத்துல நடிச்சு முடிச்சிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்? லைக் போடுங்க.

[திரை: நாலு செகண்ட் சடைமுடி யானை. பின்னணியில் என் தங்கச்சி சிரிக்கும் சத்தம்.]

இப்ப மெயின் பிக்சர்.

'மந்திரி குமாரி', 1950. எழுதினது கலைஞர். இயக்கினது எல்லிஸ் ஆர். டங்கன்னு ஒரு அமெரிக்கர், கூட சுந்தரமும். எம்.ஜி.ஆர். முதன்முதலா திரையில வந்த 'சதி லீலாவதி', 1936, அதுவும் டங்கன் படம்தான். தமிழ் தெரியாத மனுஷன், கலைஞர் வசனத்துக்கு ஷாட் வைக்கிறாரு! அதை நெனச்சாலே எனக்குச் சிரிப்பு வரும், மரியாதையும் வரும்.

ராஜகுருவா நம்பியார். அவர் பையன் பார்த்திபனா எஸ்.ஏ. நடராஜன். பகல்ல பெரிய இடத்துப் பிள்ளை, ராத்திரியில கொள்ளைக்காரன். மந்திரி பொண்ணு அமுதவல்லியா மாதுரி தேவி. அவ இவனை நம்பிக் கட்டிக்கிறா. எம்.ஜி.ஆர். ஹீரோதான், ஆனா அவர் விரும்புறது இளவரசியை. படத்தோட பேரு இந்த மந்திரி பொண்ணோடது. படத்துல ஊரே பாடுற பாட்டு வில்லனோடது. எம்.ஜி.ஆர். படத்துல பேரும் அவருக்கு இல்ல, பாட்டும் அவருக்கு இல்ல! பின்னாடி வந்த காலத்துல இது நடக்குமா? நடக்கவே நடக்காது.

பாட்டுக்கு வருவோம். ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். லோகநாதன் குரல்ல எந்த இடத்துலயும் கத்தி தெரியாது, அதாங்க கொடுமை. கெட்டவன்னா உறுமணும்னு நம்மள பழக்கி வச்சிருக்காங்க. இவன் கொஞ்சுறான். அவளும் கூடப் பாடிட்டே ஏறுறா. உச்சிக்குப் போனதும் பாட்டு நிக்குது, இவன் உண்மையச் சொல்றான்: உன்னைக் கொல்லப் போறேன்.

டீச்சரக்கா இந்த இடத்துல படத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டவங்களே அவங்கதான். "வாரான்னா என்ன அர்த்தம்?"னு கேட்டாங்க. வரமாட்டான். "வாராள்?" வரமாட்டாள். "அப்ப வாராய்?" நாங்க முழிச்சோம். "வான்னும் அர்த்தம், வரமாட்டாய்னும் அர்த்தம். பழைய இலக்கணத்துல ரெண்டுக்கும் ஒரே உருவம்தான்"னாங்க. ரூமே அமைதியாயிடுச்சு. மலை மேல போறவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் திரும்பி வரமாட்டாங்க. யாருன்னு பாடுறவனுக்கே தெரியாது. எழுதும்போது இதை நெனச்சு எழுதியிருப்பாங்களா? இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. அதுக்காக நாம ரசிக்காம விட முடியுமா?

அவ கடைசியா ஒரு வரம் கேக்குறா. "சாகுறதுக்கு முன்னாடி புருஷனை மூணு தடவை வலம் வந்துக்கிறேன்." அவன் சரிங்கிறான். ஒண்ணு. ரெண்டு. மூணாவது சுத்துல பின்னாடி வந்ததும் ஒரே தள்ளு.

இது கலைஞரோட கற்பனை இல்லைங்க. ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணான குண்டலகேசி. அந்தக் காப்பியம் முழுசா நம்ம கைக்குக் கிடைக்கல, பத்தொன்பது பாட்டுதான் மிஞ்சியிருக்கு. வணிகர் வீட்டுப் பொண்ணு பத்திரை, காளன்னு ஒரு திருடனைக் காப்பாத்திக் கட்டிக்கிறா. ஒருநாள் ஊடல்ல விளையாட்டா "நீ கள்வன்தானே"ன்னு சொல்லிடறா. அதுக்குக் கோபப்பட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போறான். மிச்சம் உங்களுக்கே தெரியும். அவ பின்னாடி பௌத்தத் துறவி ஆயிடறா. குண்டலகேசின்னா சுருண்ட முடி உள்ளவள். பள்ளிக்கூடத்துல இந்தக் கதைய ரெண்டு மார்க் கேள்வியாக் கொடுத்துட்டாங்க. இதைக் கதையாச் சொல்லியிருந்தா நான் அந்த ரெண்டு மார்க்கையும் வாங்கியிருப்பேன்.

[திரை: மொட்டை மாடி. சாக்பீஸ் கோடு.]

இப்பத்தான் எனக்குப் புடிச்ச இடம். ஸ்கிப் பண்ணாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

மாடியில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டோம். அதுதான் பாறை விளிம்பு. பெரியப்பாவை அதுல இருந்து ரெண்டு அடி தள்ளி, பள்ளத்தைப் பாத்து நிக்க வச்சோம். அவர்தான் பார்த்திபன். தோள்ல துண்டு, இடுப்புல கைய வச்சு அசல் கொள்ளைக்காரன் போஸ் வேற. என் தங்கச்சி அமுதவல்லி. சுத்தச் சொன்னோம்.

முதல் சுத்து போகும்போதே எடிட்டர் பையன் "நிறுத்து நிறுத்து"ன்னு கத்திட்டான். நல்லா கவனிங்க. ஒரு ஆளைச் சுத்தி வரணும்னா, அவனுக்குப் பின்னாடி மட்டும் போக முடியாது. முன்னாடியும் போகணும். முன்னாடின்னா எது? அவனுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு அடி! ஒவ்வொரு சுத்துலயும் அவ அந்த விளிம்புல நிக்கிறா, முதுகு பள்ளத்தைப் பாத்து, கை கூப்பிக்கிட்டு. அவன் ஒரு விரலால தொட்டாப் போதும். மூணாவது சுத்துல அவ எந்தப் பக்கமா ஆரம்பிச்சிருந்தாலும், பின்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு தடவையாவது அவன் கைக்கு எட்டுற இடத்துல நின்னாகணும். கொல்லத்தான கூட்டிட்டு வந்தான்? ஏன் அப்பவே தள்ளல?

எடிட்டர் பையன் இது திரைக்கதை ஓட்டைன்னான். டீச்சரக்கா, கடைசி ஆசைன்னு கேட்டா மதிக்கணும்னு ஒரு தர்மம் இருக்குன்னாங்க. கோட்டுல நின்னுட்டிருந்த பெரியப்பா அசையாமலே சொன்னாரு: "அட, இங்க நின்னு பாருங்கப்பா. ஒருத்தி கை கூப்பிக்கிட்டு, சாமியச் சுத்துற மாதிரி என்னைச் சுத்தி வர்றா. மூணு சுத்துக்கு நான் சாமி. சாமி எங்கயாச்சும் தள்ளுமா?"

நான் ஆடிப் போயிட்டேன். அவ அவன் காலுல விழுந்து அழுதிருந்தா தள்ளியிருப்பான். ஓடியிருந்தா புடிச்சுத் தள்ளியிருப்பான். கும்பிட்டா, நின்னான். அவ அவனோட பலத்தைக் குறி வைக்கவே இல்ல, அவனோட மிதப்பைக் குறி வச்சா. விளிம்புல நிக்கிற அந்த ஒவ்வொரு தடவையும் உயிரைப் பணயம் வச்சுத்தான் போறா. அது தெரிஞ்சப்புறம் அந்த மூணு சுத்தைப் பாருங்க, நெஞ்சு அடிச்சுக்கும். இன்னொரு தடவை பாத்தோம். அந்த நேரத்துல யாரும் தட்டுவடையக் கடிக்கல.

இந்த மலைக் காட்சிய எடுத்தது நம்ம ஏற்காட்டுலதான்னு சேலத்துல வழிவழியாச் சொல்லிட்டு வராங்க. சரி, நேர்லயே பாத்துருவோம்னு மறுவாரம் ரெண்டு பைக்குல கிளம்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவு, பதினாலாவதுல தங்கச்சிக்கு வாந்தி. பகோடா பாயிண்ட்ல போய் விசாரிச்சா ஆளுக்கு ஒரு பாறையைக் காட்டுறாங்க. இதுதான்னு ஒருத்தர், அது கீழ இருக்குதுன்னு இன்னொருத்தர், அந்தப் பாறையே இப்ப இல்லைன்னு ஒரு அம்மா. மூடுபனி ஏறி வந்ததும் எல்லாப் பாறையும் அதே பாறை மாதிரிதான் தெரிஞ்சுது. சரி, வந்ததுக்கு ஒரு வரி பாடுவோம்னு எடிட்டர் பையன் "வாராய்..."னு ஆரம்பிச்சான். பக்கத்துல செல்ஃபி எடுத்துட்டிருந்த புது ஜோடியில அந்தப் பொண்ணு, புருஷன் கைய விட்டுட்டு ரெண்டு அடி பின்னாடி வந்து நின்னுடுச்சு. படம் பாத்திருக்குது போல!

ஆங், கடைசி ஞாயிறு 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, கேவா கலர்ங்கிற கலர் ஃபிலிம்ல எடுத்தது, தமிழோட முதல் முழுநீள வண்ணப் படம், சுந்தரமே இயக்கினது. கலர் கண்ணைப் பறிக்குது. வஹீதா ரஹ்மான் ஒரு பாட்டுக்கு ஆடுறாங்க. குகை பாக்க அட்டைப் பாறைதான், ஆனா பானுமதி கண்ணை உருட்டினா நாற்பது திருடனும் தேவையில்ல. தனி வீடியோவே போடலாம், போடுறேன்.

உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் மாடர்ன் தியேட்டர்ஸ்ல வேலை பாத்திருந்தா, தச்சு வேலையோ சமையலோ லைட்டோ எதுவா இருந்தாலும் சரி, கமெண்ட்ல எழுதுங்க. அந்தப் பாறை எதுன்னு தெரிஞ்சவங்க கண்டிப்பா எழுதுங்க, எங்களுக்கு இன்னொரு தடவை பெட்ரோல் போடத் தெம்பு இருக்கு.

[திரை: பெரியப்பா வீட்டு ஹால். யாருக்கும் தெரியாமல் எடுத்தது.]

பாருங்க, இது நேத்து எடுத்தது. பெரியம்மா காபி டம்ளரோட பெரியப்பா சேருக்குப் பின்னாடி வர்றாங்க. பேப்பர் படிச்சிட்டிருந்த மனுஷன் சடார்னு எந்திரிச்சு, சேரைத் திருப்பி, முதுகை சுவத்துல ஒட்டி உக்காந்தாரு. அப்புறம்தான் காபிக்குக் கைய நீட்டினாரு.