முரசைக் கேளுங்கள்

வணக்கம். மெட்டல் என்ற அதிரடி ராக் இசையில் உறுமுகிற குரல் காதில் விழுந்ததுமே வானொலியின் சத்தத்தைக் குறைக்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இன்று அவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன். குரலை விடுங்கள். முரசைக் கேளுங்கள்.

பிரேசிலில் பெலோ ஒரிசோன்ச்சி என்றொரு நகரம். 1984இல் அங்கே மேக்ஸ், இகோர் கவலேரா என்ற அண்ணன் தம்பி, மீசை முளைக்காத வயசில், ஒரு மெட்டல் குழு ஆரம்பித்தார்கள். பெயர் செபுல்துரா. போர்த்துகீசிய மொழியில் 'கல்லறை'. பிள்ளைகள் வைத்த பேரைப் பாருங்கள்! தம்பியிடம் முழு டிரம்ஸ் செட் கிடையாது, இருந்ததைத் தட்டினான். 1986இல் வந்த 'மார்பிட் விஷன்ஸ்' இசைத்தட்டில் கிட்டாருக்குச் சுருதிகூடச் சேர்க்கவில்லை.

அடுத்த வருஷம் ஆந்திரேயாஸ் கிஸ்ஸர் கிட்டாரோடு வந்தார், வாசிப்பில் கட்டு வந்தது. 1989இல் 'பினீத் தி ரிமெய்ன்ஸ்' வெளியானபோது வெளிநாட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி எனக்குப் பிடித்த கதை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்கிறவர்களுக்கு எப்படியோ. பேரும் புகழும் வந்த பிறகு, 1995இல், இவர்கள் போன இடம் மாட்டோ குரோசோ மாநிலத்தில் ஷவாந்தே பழங்குடியினரின் கிராமம். உடம்பில் சாயம் பூசிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தார்கள். மின்சாரக் கிட்டார் இல்லை, சாதாரணக் கிட்டார்தான். அவர்கள் பாட, இவர்கள் வாசிக்க, அங்கேயே பதிவானது 'இட்சாரி'. ஷவாந்தே மொழியில் வேர்கள் என்று பொருள். 1996இல் வந்த இசைத்தட்டின் பெயரும் அதேதான், ஆங்கிலத்தில் 'ரூட்ஸ்'. அட்டையில் இருக்கும் முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரேசிலின் பழைய 1000 குருசேரோ நோட்டில் அச்சிட்டிருந்த பழங்குடி முகம்! நோட்டில் தினம் கைமாறிய முகத்தை ஊர் பார்த்ததா, எனக்குச் சந்தேகம்தான். இவர்கள் பார்த்தார்கள்.

அந்தத் தட்டில் பேரிம்பாவ் கேட்கும்: வில், ஒற்றைக் கம்பி, ஒரு சுரைக்குடுக்கை, அவ்வளவுதான். பாய்யா மாநிலத்துக் கார்லின்யோஸ் பிரவுனின் தாளமும் உண்டு. அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், முரசைக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அதே 1996 கடைசியில், பாடிக்கொண்டிருந்த மேக்ஸ் குழுவிலிருந்து விலகினார். அமெரிக்காவின் டெரிக் கிரீன் பாட வந்தார். 2006இல் இகோரும் போனார். 2023இல் விடைபெறும் பயணம் என்று அறிவித்தார்கள். இதையெல்லாம் விரிவாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். சரி, 'இட்சாரி'யை மட்டும் தேடிக் கேளுங்கள். அதில் உறுமல் கிடையாது, பயப்பட வேண்டாம். வணக்கம்.