வலையமைப்பின் வரைபடம்: எந்த மென்பொருளைத் தேர்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களிலும் கணினி வலையமைப்பு இல்லாத வைத்தியசாலையையோ பிரதேச செயலகத்தையோ இன்று காண்பது அரிது. ஆனால் அந்த வலையமைப்பில் என்னென்ன கருவிகள் உள்ளன, எது எதனோடு இணைந்திருக்கிறது என்று கேட்டால் உடனே ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டக்கூடிய அலுவலகங்கள் மிகச் சிலவே. பெரும்பாலும் அது முதன்முதலில் வயர் இழுத்தவரின் நினைவில்தான் இருக்கும். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டால் வரைபடமும் அவரோடு போய்விடும்.

இந்த வரைபடத்தைத் தானாகவே வரைந்து தரும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு விற்பனையாளர் திரையில் காட்டும் படத்தின் அழகைப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் படம் எந்தத் தகவலைக் கொண்டு வரையப்பட்டது என்றே கேட்க வேண்டும்.

கருவிகளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அவற்றுக்கிடையிலான இணைப்பைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை. முதலாவது அவ்வளவு கடினமன்று. ஒரு சாதாரண அலுவலக வலையமைப்பில் கருவிகளுக்கு வழங்கக்கூடிய முகவரிகள் 254. ஒவ்வொன்றிடமும் "இருக்கிறாயா?" என்று கேட்டு, வரும் பதிலைப் பதிந்தால் போதும். 1997 இல் வெளிவந்த என்மேப் என்ற இலவச மென்பொருள் இதை இன்றும் செவ்வனே செய்கிறது. விண்டோஸ் கணினிகளின் பாதுகாப்பு அரணான தீச்சுவர் சில வேளைகளில் 'பிங்' எனப்படும் இந்தக் கேள்விக்குப் பதிலளிக்க விடாது. எனினும், வலையமைப்பின் ஒரே பிரிவுக்குள் இருக்கும் கருவி, ஏ.ஆர்.பி. என்ற முகவரி விசாரிக்கும் முறையில் கேட்டால் தன் மெக் முகவரியை, அதாவது தன் வன்பொருளுக்குரிய அடையாள எண்ணை, சொல்லத்தான் வேண்டும். அந்தக் கேள்வி, பிரிவுகளை இணைக்கும் ரவுட்டரைத் தாண்டிச் செல்லாது என்பதால், பிரிவுகள் பலவாக உள்ள நிறுவனம் ரவுட்டரில் உள்ள ஏ.ஆர்.பி. பட்டியலையும் வாசிக்கக்கூடிய மென்பொருளையே தேட வேண்டும்.

இணைப்பைக் கண்டுபிடிப்பதில்தான் மென்பொருள்களின் தராதரம் தெரியும். கருவிகளின் வயர்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். தன் எந்தப் போர்ட்டில், அதாவது வயர் செருகும் எந்தத் துளையில், எந்த மெக் முகவரி தெரிகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு சுவிட்சும் தன்னிடம் வைத்திருக்கிறது. எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை மூலம் அதைக் கேட்டுப் பெறலாம். அருகில் இணைந்திருக்கும் கருவி எது என்பதைச் சுவிட்சுகள் தமக்குள் அறிவித்துக்கொள்ள 2005 இல் தரமாக வெளியிடப்பட்ட எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறை உதவுகிறது. சில சுவிட்சுகளில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வரும். மென்பொருளைக் குறை கூறுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் ஒரு சுவிட்ச் கருகிவிட்டால், அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் மலிவான எட்டுப் போர்ட் சுவிட்சை வாங்கி மாட்டிவிடுகிறோம். அதில் எஸ்.என்.எம்.பி. இருக்காது, அதற்கென்று ஓர் ஐபி முகவரியும் இருக்காது. எந்த மென்பொருளாலும் அதை நேரடியாகக் காண முடியாது. ஆனால் பெரிய சுவிட்சின் ஒரே போர்ட்டில் ஐந்தாறு மெக் முகவரிகள் தெரிந்தால் அங்கே அப்படி ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். இந்த ஊகத்தைப் படத்தில் குறித்துக் காட்டும் மென்பொருளுக்கே என் முன்னுரிமை.

எஸ்.என்.எம்.பி. யின் முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே வயரில் போகும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே விடப்பட்டிருக்கும். அதை மறைக்கக்கூடிய மூன்றாம் பதிப்பைக் கையாளத் தெரியாத மென்பொருளை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, விலை எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். மென்பொருள் கண்காணிக்கும் அளவீடுகளின் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்றால், போர்ட் ஒவ்வொன்றும் ஓர் அளவீடாகலாம். 100 வரை இலவசம் என்ற சலுகையில் 24 போர்ட் சுவிட்சுகள் நான்கே 96 ஐ விழுங்கிவிடும். லிப்ரே என்.எம்.எஸ்., நெட்டிஸ்கோ போன்றவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இலவசம் என்பதற்காக அவற்றை எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும், தேடலைத் தொடங்குமுன் நிறுவனத் தலைவரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாகக் கொள்கிறது.

வாங்குவதற்கு முன், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மாடியில் மட்டும் மென்பொருளை ஓடவிடுங்கள். அங்குள்ள வயர்களை நீங்களே பின்தொடர்ந்து கையால் ஒரு படம் வரைந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு ஒரு கணினியின் வயரை வேறொரு சுவிட்சுக்கு மாற்றுங்கள். அந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் படத்துக்கு வருகிறது, பழைய கோடு அழிகிறதா, அல்லது அந்தக் கணினி இரண்டு இடங்களில் இருப்பதாகக் காட்டப்படுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன் பின்னர் விலையைப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.